கிடைத்த இடத்தை எழுதி வையுங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பழைய ஓடு ஒன்று மண்ணிலிருந்து வெளிவருவது அபூர்வம் அல்ல. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கி 2016-17 வரை பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், ரோமானிய நாணயங்களும், ஆம்போரா எனப்படும் மதுச்சாடிகளின் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் அங்கே கிடைத்தன. அதற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன மண்கலத் துண்டுகள் நிறையக் கிடைத்தன. ஆனால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை அகழாய்வுக்குழி ஒன்றுகூட விழாத ஊர்கள்தாம் மிகுதி. அந்த ஊர்களிலும் மண் திறக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஊரணியில் தூர் வாரும் நூறு நாள் வேலைப் பெண்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு பெயர்க்கும் ஜேசிபி ஓட்டுநர்கள், உப்பளத்துக்குப் பாத்தி கட்டுவோர், இறால் பண்ணைக்குக் குளம் வெட்டுவோர், வீட்டுக்கு வானம் தோண்டும் கொத்தனார்கள், கடலுக்கடியில் சங்கு குளிப்போர் ஆகியோரின் கண்ணில்தான் பழம்பொருள் முதலில் படுகிறது. இந்த இயல் அவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து ஊர் வரலாற்றைக் காக்க நினைக்கும் குழுக்களுக்கும் உரியது. ஓர் ஊர் செய்யக்கூடிய தலையாய வேலை, பொருள் கிடைத்த இடத்தைப் பிழையில்லாமல் எழுதி வைப்பதுதான். சேகரிப்பதும் காட்சிக்கு வைப்பதும் அதற்குப் பிறகே வரவேண்டும். தோண்டுவது ஊர்க்குழுவின் வேலையே அல்ல. அது அரசின் அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டியது.

இடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்கு அரிக்கமேட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டில் செங்கல்லை உள்ளூர் மக்கள் வீடு கட்டப் பெயர்த்துச் சென்றார்கள். பிள்ளைகள் மணிகளைப் பொறுக்கினார்கள். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930களில் அப்படிக் கிடைத்த மணிகளையும் உருவம் செதுக்கிய கல் ஒன்றையும் பார்த்து, இது ரோமானியத் தொடர்புள்ள இடம் என்று உணர்ந்தார். ஆயினும் அந்த மணிகளை வைத்துத் தென்னிந்திய வரலாற்றில் ஓர் ஆண்டைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியபோதுதான் நிலைமை மாறியது. இத்தாலியின் அரெட்சோவோடு தொடர்புடைய 'அரெட்டைன்' வகைச் சிவப்புக் கலத்தின் சில உடைந்த துண்டுகள், உள்ளூர்ப் பானைகள் கிடந்த மண்ணடுக்கிலேயே கிடைத்தன. இத்தாலியில் அக்கலம் எப்போது செய்யப்பட்டது என்பது ஏற்கெனவே தெரியும். அதனால் கூடக்கிடந்த உள்ளூர்ப் பானையின் காலமும் தெரிந்தது. அதே உள்ளூர்ப் பானை வகையை வேறு ஊர்களில் கண்டபோது அந்த ஊர்களின் காலமும் பிடிபடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டின் காலக்கணக்கு ஒரு கைப்பிடி ஓட்டின்மேல் எழுந்து நின்றதற்குக் காரணம் அந்த ஓட்டின் அழகும் அல்ல, விலையும் அல்ல. எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது பதிவாகியிருந்தது, அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்தின் கதை இதற்கு மறுபக்கம். 1856 முதல் 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு முதலிய பகுதிகளில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. அங்கிருந்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்தை நினைவூட்டும் அந்தத் திருமேனிகள் இன்று சென்னை அருங்காட்சியகத்திலும் உலகின் பல தொகுப்புகளிலும் சிதறியிருக்கின்றன. கலைச்செல்வம் என்ற அளவில் அவற்றுக்கு நிகர் குறைவு. ஆனால் முறையான மண்ணடுக்குப் பதிவு இல்லாததால் அவற்றின் காலத்தைப் பெரும்பாலும் சிற்பப் பாணியைக் கொண்டே கணிக்கவேண்டியிருக்கிறது. எந்தத் திருமேனி எந்தக் கட்டடத்தோடு சேர்ந்தது, எப்போது, என்ன நெருக்கடியில் புதைக்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு மண் வைத்திருந்த பதில் தோண்டியெடுத்த அன்றே கலைந்துபோனது. இடம் தெரியாத பழம்பொருள் சர்வே எண் இல்லாத பத்திரம் போன்றது. உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து எந்த உரிமையையும் நாட்ட முடியாது.

இனி எழுதும் முறை. கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு, அடிக்குச்சி, கைபேசி ஆகிய மூன்றும் போதும். பொருள் தென்பட்டதும் கையை வைக்காமல், கிடந்த நிலையிலேயே படமெடுங்கள். பக்கத்தில் அடிக்குச்சி இருக்கவேண்டும். இல்லையென்றால் பேனாவையோ நாணயத்தையோ வையுங்கள். ஒரு படம் கிட்டத்திலிருந்து, இன்னொன்று சற்றுத் தள்ளி, மூன்றாவது பின்னணியில் மரமோ கரையோ கோபுரமோ தெரியும்படி. கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நோட்டில் கையால் எழுதுங்கள். இதைக் கட்டாயமாகச் சொல்லக் காரணம் உண்டு: படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். பத்துப் பேருக்குக் கைமாறிய படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூலப்படம் எடுத்தவரிடமே இருக்கட்டும், அதன் எண் நோட்டில் இருக்கட்டும். அடுத்தது புல எண். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து, உட்பிரிவு உட்பட எழுதுங்கள். பட்டா நிலமா, புறம்போக்கா, கோயில் அல்லது வக்பு நிலமா என்பதையும் சேருங்கள். அந்த நிலத்தை ஊரார் வழக்கமாக எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். பட்டாவில் அந்தப் பெயர் இருக்காது, இன்னும் ஒரு தலைமுறையில் ஊராரிடமும் இருக்காது. பொருள் இன்றைய தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது, மண் என்ன நிறம், கூட என்ன கிடந்தது, சாம்பலோ கரியோ எலும்போ சிப்பியோ தெரிந்ததா, யார் பார்த்தார், என்றைக்கு என்பவற்றோடு பதிவு முடியும். பார்த்தவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.

இந்த மாவட்டத்தில் ஒரு கூடுதல் கேள்வியைக் கேட்காமல் எந்தப் பதிவும் முழுமையாகாது: இந்த மண் இங்கேயே இருந்ததா? கண்மாயில் எடுக்கும் வண்டல் டிப்பரிலும் டிராக்டரிலும் ஏறி வயலுக்குப் போகிறது. வீட்டு மனையை மேடாக்கக் கிராவல் எங்கிருந்தோ வருகிறது. புஞ்சைக் காட்டில் கிடைத்த கருப்பு-சிவப்பு ஓடு, மூன்று கல் தொலைவிலுள்ள இன்னோர் ஊரின் கண்மாயிலிருந்து போன கோடையில் வந்ததாக இருக்கலாம். விவசாயியிடம் கேட்டால் எந்த ஆண்டு, யார் வண்டியில், எந்தக் கண்மாயிலிருந்து என்று சொல்லிவிடுவார். அந்தத் தகவல் ஆய்வாளர் யாருக்கும் வேறெங்கும் கிடைக்காது. கடற்கரையில் கிடைக்கும் ஓட்டுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் அருகிலேயே உடைந்து வெளிவந்திருக்க வாய்ப்பு அதிகம். கூழாங்கல்லைப்போல் மழுங்கியிருந்தால் அலையில் வெகுநாள் உருண்டிருக்கிறது. விளிம்பைப் படமெடுத்து, கூரா மழுங்கலா என்று ஒரு சொல் எழுதினால் போதும். வலையில் சிக்கி வரும் பொருளுக்கு ஆழத்தைப் பாகக் கணக்கிலும், படகில் ஜிபிஎஸ் இருந்தால் அதன் எண்ணையும் குறியுங்கள். இல்லையென்றால், கரையில் எந்த இரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் தெரிந்தன என்று கேட்டு எழுதுங்கள். கடலிலிருந்து வந்த மரப்பொருளையும் இரும்பையும் வெயிலில் காயவைக்காதீர்கள். காய்ந்தால் மரம் வெடிக்கும், இரும்பு பொரிந்து உதிரும். அதே கடல்நீரில் மூழ்கவைத்து உடனே தொல்லியல் அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். செப்பு நாணயத்தையோ விளக்கையோ புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஓட்டைக் கழுவாதீர்கள்; உள்ளே ஒட்டியிருக்கும் படிவமே அதில் என்ன சமைத்தார்கள், எதை ஊற்றிவைத்தார்கள் என்பதற்குச் சான்றாகலாம்.

கல்வெட்டையும் நடுகல்லையும் பொறுத்தவரை செய்யக்கூடாதவற்றைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். எழுத்துத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியாலோ மாவாலோ தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, திருப்பணியின்போது பெயிண்ட் அடிப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்; அல்லது இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். பகலில் புலப்படாத வரிகள் நிழலோடு எழும்பித் தெரியும். எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுப்பது பயின்றவர் வேலை. பழைய கட்டடங்களில் இந்தக் கடலோரத்துக்கே உரிய அவசரம் ஒன்று இருக்கிறது. கடற்பாறைக் கல்லால், அதாவது பவளப்பாறையை வெட்டி, கட்டிய வீடுகளும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு எஞ்சிய தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களிலும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். பவளப்பாறை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவதால் அதை வெட்டக்கூடாது, வெட்டாமலிருப்பதே சரி. அதனால் இடித்த சுவரை அதே கல்லால் மறுபடி எழுப்ப வழியே இல்லை. இடிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும், இடிப்பதற்கு முந்தைய நாளாவது சுவரின் கனம், கதவு நிலையின் அளவு, சாந்துப் பூச்சு, கல் அடுக்கிய விதம் ஆகியவற்றை அளந்து எழுதி வைக்கலாம். கட்டிய கொத்தனாரின் பேரனோ பேத்தியோ ஊரில் இருந்தால் சுண்ணாம்பு அரைத்த பக்குவத்தையும் கேட்டு எழுதுங்கள்.

எழுதி வைப்பதே முதல் வேலை என்பதற்கு எதிராக எழும் முதல் வாதம் வலுவானது. கடல் அரிக்கிறது, ஜேசிபி காத்திருக்காது, அதிகாரி வருவதற்குள் பொருள் போய்விடும். இருக்கும்போதே எடுத்துப் பத்திரப்படுத்துவதுதானே அறிவு? அவசரம் உண்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவசரம் பதிவு செய்வதற்கான காரணமே தவிர, அதை விடுவதற்கானது அல்ல. இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோரத்தில் ஹேப்பிஸ்பர்க் என்ற ஊரில் 2013 மே மாதம் கடல் மணலை வாரிச் சென்றபோது, 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதக் காலடித் தடங்கள் களிமண் படிவில் வெளிப்பட்டன. இரண்டு வாரத்துக்குள் அலை அவற்றை அழித்துவிட்டது. பெயர்த்தெடுத்துக் காப்பாற்ற வழியில்லாத தடங்கள் அவை. அந்த இடைவெளியில் பல கோணங்களில் படமெடுத்து அளந்ததால்தான் உலகம் அவற்றை இன்று அறிகிறது. நம் கரையிலும் 2004 சுனாமி மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறையை வெளிக்காட்ட, அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பழைய செங்கல் முருகன் கோயிலைக் கண்டது. கடல் காட்டும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் கரையில் இருப்பவர் ஊர்க்காரர் மட்டுமே. பொருள் உண்மையிலேயே அழியும் நிலையில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் படமும் இடமும் ஆழமும் எழுதிய பிறகு எடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

எழுதி வைத்தால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்பது இன்னொரு அச்சம். நோட்டு ஊருக்குள்ளேயும் தொல்லியல் அலுவலரிடமும் இருக்கவேண்டியது. சரியான இடக்குறிப்பை முகநூலிலோ செய்தித்தாளிலோ போடக்கூடாது, ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் திருட்டுப் போனபின் பொருளை மீட்டுத் தருவது பெரும்பாலும் பதிவுதான். ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களிலிருந்து 2014இல் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் பெருந்துணை. கோயிலில் இருந்தபோதே யாரோ படமெடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, அடுக்கி வைத்திருந்தார்கள். படமில்லாத சிலைகள் எங்கோ இருக்கின்றன. நம்முடையவை என்று சொல்ல நம்மிடம் தாள் இல்லை.

மூன்றாவது தயக்கத்தை மக்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் பொருட்கள் மறைக்கப்படுவதற்கு அதுவே மிகப் பெரிய காரணம். அதிகாரியிடம் சொன்னால் நிலம் போய்விடும் என்ற பயம்தான் அது. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்: என்ன பொருள், என்ன மதிப்பு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது. மறைத்தால் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்தால், உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகும் நிலையில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். நிலம் என்பது வேறு கணக்கு. நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்ற விதி தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக மத்திய அரசு அறிவித்த இடங்களுக்கே பொருந்தும். அப்படி அறிவிப்பதற்கு முன் இரண்டு மாத முன்னறிவிப்புத் தந்து ஆட்சேபணை கேட்கவேண்டும். ஓர் ஓடு கிடைத்ததாகச் சொன்ன மாத்திரத்தில் வீடு கட்டும் வேலை நின்றுவிடாது. இதை ஊர்க்கூட்டத்தில் பொறுமையாக விளக்குவது, பதிவேட்டில் நூறு வரி எழுதுவதைவிட அதிகப் பயன் தரும். அச்சம் நீங்காத ஊரில் எந்த நோட்டும் நிரம்பாது.

பயிற்சி இல்லாதவர்கள் தப்பாக எழுதிவிடுவார்கள் என்பது படித்தவர்களிடமிருந்து வரும் ஆட்சேபம். தப்பு நேரும் என்று வைத்துக்கொண்டே இந்த முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த, உட்புறம் சிறு கோடுகள் வட்டமாகப் பதிந்த 'ரூலெட்டட்' தட்டுகளை வீலர் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்றே கருதினார். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டிய விமலா பெக்லி அவை இந்தியாவில் செய்யப்பட்டவை, வீலர் நினைத்ததைவிடப் பழையவை என்று வாதிட்டார். பெரிய அறிஞரின் முடிவைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் தன் முடிவோடு தன் பதிவையும் விட்டுச் சென்றதுதான். ஆகவே பார்த்ததையும் நினைப்பதையும் பிரித்து எழுதுங்கள். 'வழவழப்பான வெளிர்பச்சை ஓடு, விரல் அகலம், உடைந்த ஓரம் வெள்ளை' என்பது பார்த்தது. 'சீன ஓடு' என்பது ஊகம். முதலாவது எப்போதும் பயன்படும். இரண்டாவதைப் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

ஊர் சொல்லும் கதைகளுக்கும் அதே நியாயம்தான். மூழ்கிய கோட்டை, அரசன் ஒளித்த புதையல், சுரங்கப்பாதை என்று ஒவ்வோர் ஊரிலும் ஒன்று உண்டு. அவற்றைச் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம், வரலாறு என்று அச்சிடவும் வேண்டாம். யார் சொன்னார், யாரிடம் கேட்டதாகச் சொன்னார் என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். சாதியும் மதமும் இந்தப் பக்கங்களுக்குள் நுழையப் பார்க்கும். எங்கள் முன்னோர்தாம் முதலில் வந்தவர்கள் என்று நிறுவ ஓட்டைத் தேடும் ஆர்வம் எல்லாத் தரப்பிலும் உண்டு. இந்தக் கரையின் சான்று அந்த ஆர்வத்துக்கு இடம் தருவதில்லை. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகப் பள்ளிக்கு, அதாவது முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு, நிலம் இறையிலியாக விடப்பட்டதைச் சொல்கிறது. அந்தப் பட்டினத்தைப் பெரியபட்டினம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பள்ளிவாசலின் வரலாறு கோயில் சுவரில் இருக்கும் ஊரில், ஒரு சமூகத்தின் குழு மட்டும் தனியே நோட்டு வைத்தால் பாதி வரலாறு விட்டுப்போகும். குழுவில் எல்லாத் தெருவும் இருக்கவேண்டும் என்று சொல்வது நல்லெண்ணத்துக்காக மட்டும் அல்ல. பதிவு முழுமையாக அதுவே வழி.

ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் தொடங்கிய வேலை அவர் மாறுதலாகிப் போனதும் நின்றுவிடுவது பொதுவான நோய். அதற்கு மருந்து பிரதிகள். நோட்டில் ஒவ்வொரு பக்கமும் நிரம்பியதும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று பள்ளியில், ஒன்று கிளை நூலகத்தில், ஒன்று தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்கு. அனுப்பியதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கி நோட்டிலேயே ஒட்டுங்கள். ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் ஆண்டுக்கொரு முறை பதிவுகளைப் படித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால், அது ஒருவரின் பொழுதுபோக்காக இல்லாமல் ஊராட்சியின் ஆவணமாகிறது. கண்மாய் மராமத்து, சாலை, குடிநீர்த்தொட்டி என்று எந்த வேலைக்கும் இடம் தேர்வாகும் அன்றே அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கும்படி தலைவரிடமும் செயலரிடமும் கேளுங்கள். ஜேசிபி வந்து நின்றபின் கேட்டால் பயன் இல்லை.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒரு பதிவு. கிணறோ வானமோ பத்தடி தோண்டியும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அதையும் புல எண்ணோடும் தேதியோடும் எழுதுங்கள். ஒரு பழைய பட்டினம் எதுவரை பரவியிருந்தது, கடல் அன்றைக்கு எங்கே நின்றது என்று பின்னால் ஒருவர் கோடு போடும்போது, ஓடு கிடைத்த புலங்களைப் போலவே வெறும் மணல் மட்டும் வந்த புலங்களும் அவருக்கு வேண்டும்.